சீனி வருத்தமும் இதய நோயும் உள்ளவர்களுக்கு நார்ச்சத்து ஏன் தேவை?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த மழையாலும் மண்சரிவாலும் கண்டி மாவட்டத்தில் பல குடும்பங்கள் வீடுகளை இழந்தன. அவற்றுள் உங்கள் குடும்பமும் ஒன்றாயின், முகாமிலும் உறவினர் வீட்டிலும் வெள்ளைச் சோறு, பாண், கோதுமை மா ரொட்டி, சீனி போட்ட தேநீர் என்பவற்றையே அதிகம் உண்டிருப்பீர்கள். இவை பசியைப் போக்கும். ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இரத்தத்தில் சீனியின் அளவை விரைவாகக் கூட்டிவிடும். புதிய இடத்தில் மீண்டும் அடுப்பு மூட்டும்போது, உணவையும் சிறிது மாற்றிக்கொள்ளலாம்.

நார்ச்சத்து என்ன செய்கிறது?

நார்ச்சத்து என்பது தாவர உணவுகளில் உள்ள, எமது குடலில் சமிக்காத பகுதி. பருப்பு, பழம் போன்றவற்றில் உள்ள கரையும் நார் குடலில் பசைபோல் ஆகி, சீனி மெதுவாக இரத்தத்தில் சேரச் செய்கிறது. பித்தநீரின் ஒரு பகுதியையும் அது மலத்துடன் வெளியேற்றுகிறது. புதிய பித்தநீரை உண்டாக்க ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை எடுப்பதால், கெட்ட கொலஸ்ட்ரோல் குறைகிறது.

வயதுவந்த ஒருவர் நாளொன்றுக்கு குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

எவற்றைச் சமைக்கலாம்?

• அவித்த பருப்பு, பயறு, கடலை, கௌபி. இவற்றில் நார் உண்டு. நிவாரணப் பொதியில் வரும் பருப்பைத் தண்ணீராக்காமல் கெட்டியாகச் சமையுங்கள்.
• வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன். சுண்டலாகவோ இலைக்கஞ்சியாகவோ எடுக்கலாம்.
• தீட்டாத சிவப்பரிசி, குரக்கன். இவற்றிலும் மாப்பொருள் உண்டு. குரக்கன் என்பதற்காக அளவின்றி உண்ணக் கூடாது.
• பழச்சாற்றுக்குப் பதிலாக முழுக் கொய்யாப்பழம்.

தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, மீன் அல்லது முட்டை இருக்கட்டும். பலாக்காய், ஈரப்பலாக்காய் சமைக்கும் நாளில் அவற்றைச் சோற்றுக்குப் பதிலாகக் கணக்கிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

நார்ச்சத்தை இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். போதிய கொதித்தாறிய நீர் குடியுங்கள். இல்லாவிட்டால் வயிறு ஊதும், மலச்சிக்கலும் வரலாம்.

உணவு மாத்திரைக்குப் பதிலாகாது. மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்த வேண்டாம். அவற்றை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கவும் வேண்டாம். திடீரென வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் குறையாவிட்டால் மீண்டும் குடியுங்கள். மயங்கியவருக்கு வாயால் எதுவும் கொடுக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். சேவை இலவசம். நெஞ்சுவலி வந்தாலும் தாமதிக்காமல் அழையுங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றைக் கூட்டுவதற்கு முன் வைத்தியரிடம் கேளுங்கள்.

கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் தயங்காதீர்கள். எஞ்சிய மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். புதிய முகவரிக்குரிய கிளினிக் எதுவென்று உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம்.