எது முதல்? – அவசர மருத்துவப் பரீட்சைக்குக் கற்கும் முறை

பரீட்சை என்றவுடன் நம் மாணாக்கர் நினைவுக்கு வருவன கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களும், அவற்றிற்கு ஆசிரியர் வகுத்தளித்த மாதிரி விடைகளுமேயாம். யானும் அவ்வழியிற் சென்றவனே. பகலிற் பாடஞ்சொல்லி இரவில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த காலத்தில், பழைய வினாத்தாள்களைத் தொகுத்து வைத்துக்கொண்டு, இது வரக்கூடிய வினா, இது வாராத வினா எனக் கணித்தே படித்துத் தேறினேன். அதனை ஒரு குறையாக அன்று எண்ணியதில்லை. 2025 ஆம் ஆண்டிலே பழைய மாணாக்கர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியிற் பேசிய பின்னரே அதுபற்றி மறுமுறை சிந்திக்கலானேன்.

அவர் அங்கே அம்புலன்ஸ் வண்டியிற் பணிபுரியும் அவசர மருத்துவத் தொழினுட்பவியலாளராக விரும்பிப் பயிற்சி முடித்தவர். நம் நாட்டில் 2016 இல் தொடங்கி 2018 இல் வட மாகாணத்துக்கும் வந்த 1990 சுவசெரிய வண்டியில் வருவோரைக் கண்டவர்கள் இத்தொழிலின் தன்மையை அறிவார்கள். "சேர், புத்தகம் முழுவதும் பாடம். எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் சொல்லுவன். ஆனால் பாஸ் பண்ணேல்லை" என்றார். அவர் பொய் சொல்பவரல்லர்; வகுப்பிலே இரசாயன அட்டவணையை ஒரே மூச்சில் ஒப்புவித்தவர். மருத்துவத்தில் எனக்கு என்ன தெரியும் எனத் தயங்கினேன். எனினும், அவர் கேட்டது மருத்துவமன்று, படிக்கும் முறையே. ஆதலால் அப்பரீட்சையைப் பற்றி யான் படிக்க வேண்டியவனானேன். அவ்வாறு அறிந்தவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

இப்பரீட்சை தோன்றிய வரலாறு துயரமானது. 1966 ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகமும் தேசிய ஆராய்ச்சி மன்றமும் விபத்து மரணங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. 1965 இல் மட்டும் விபத்துக்களால் இறந்தோர் 107,000 பேர். நிரந்தர ஊனமுற்றோர் 400,000 பேர். அக்காலத்து அம்புலன்ஸ் சேவைகளிற் பாதியளவை நடத்தியோர் யாவரெனின், ஏறக்குறைய 12,000 ஈமச்சடங்கு நிலையத்தார்! ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்லத்தக்க நீண்ட வண்டி அவர்களிடமே இருந்தமையே காரணம். உயிருள்ளவரையும் உயிரற்றவரையும் ஒரே வண்டி சுமந்தது; ஓட்டியவருக்கோ குருதியை நிறுத்தவும் தெரியாது, மூச்சை மீட்கவும் தெரியாது. போர்க்களத்திற் காயமுற்றவன் நகர வீதியிற் காயமுற்றவனிலும் பிழைக்கும் வாய்ப்புடையவன் என்னும் கருத்தும் அவ்வறிக்கையில் உண்டு. இதன் பயனாக 1970 இல் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு அவசர மருத்துவத் தொழினுட்பவியலாளருக்கான தேசியப் பதிவகம் அமைந்தது. 1971 இல் அதன் முதற் பரீட்சை நடந்தது. எனவே, இது பட்டத்துக்கோ பதவியுயர்வுக்கோ எழுதும் பரீட்சையன்று. தேறாத ஒருவரை வண்டியில் ஏறாது தடுக்கும் வாயிற்காவல் எனலாம்.

பரீட்சையின் அமைப்பு நமக்குப் புதுமையானது. பயிற்சி பெறுவோர் ஏறக்குறைய 150 மணி நேரமோ அதற்கு மேலோ கற்றபின் ஒரு நிலையத்திற் கணினிமுன் அமர்கின்றனர். வினாக்கள் குறைந்தது 70, கூடியது 120. நேரம் 2 மணி. விடையளித்த வினாவுக்கு மீண்டும் திரும்புதல் இயலாது. எல்லார்க்கும் ஒரே வினாத்தாளும் இல்லை. 2007 முதல் இது இசைவாக்கப் பரீட்சையாக நடைபெறுகின்றது. ஒருவர் சரியாக விடை கூறினால் அடுத்த வினா சற்றுக் கடினமாகும். தவறினால் சற்று எளிதாகும். அவருடைய ஆற்றல் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலோ கீழோ என்பது நூற்றுக்கு 95 பங்கு உறுதியானதும் கணினி நின்றுவிடும். எழுபதாம் வினாவோடு நிற்பவர் தேறியவராகவும் இருக்கலாம், தவறியவராகவும் இருக்கலாம்.

இதன் விளைவொன்றை ஆசிரியராகிய நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். வினாக்கள் ஒவ்வொருவரின் ஆற்றலின் எல்லையிலேயே நின்று தொடுக்கப்படுவதால், கெட்டிக்காரரும் ஏறக்குறையப் பாதி வினாக்களுக்குத் தவறான விடை அளிக்கக்கூடும். நூற்றுக்கு தொண்ணூறு பெற்றுப் பழகிய மாணாக்கர், முப்பதாம் வினாவிலேயே 'நான் தோற்றுவிட்டேன்' எனத் தளர்ந்து, எஞ்சியவற்றை அரைமனத்தோடு விடுத்து உண்மையிலேயே தோற்பார். நம் மாணாக்கருக்கும் இதுவே நேர்ந்தது. கடினமாகத் தோன்றுதல் இப்பரீட்சையில் தீக்குறியன்று என்பதை முன்னரே அறிந்திருந்தால் அவர் துயரத்திற் பாதி குறைந்திருக்கும். தவறியவர் 15 நாள் கழித்து மீண்டும் தோற்றலாம். மும்முறை தவறின் மீள்பயிற்சி பெறல் வேண்டும். ஆறுமுறையும் தவறின் பயிற்சியையே முதலிலிருந்து தொடங்கல் வேண்டும்.

இனி, தவறிய காரணத்துக்கு வருவோம். எப்பகுதியில் தேர்ச்சி நிலைக்கு மேல், எப்பகுதியில் அணித்து, எப்பகுதியிற் கீழ் என்று தவறியவருக்குப் பதிவகம் கூறும். அவர் கீழ்நின்ற பகுதி நோயாளியை முதன்முதற் பரிசோதித்தல் என்பதாகும். 2025 ஏப்பிரலில் திருத்தியமைத்த பரீட்சையில் இப்பகுதிக்கு மட்டும் நூற்றுக்கு 39 முதல் 43 வரையான பங்கு உண்டு. பாடநூலிலோ இது ஓர் அதிகாரம். எலும்புகளும் நோய்களும் மருந்துகளும் எஞ்சிய அதிகாரங்கள் பலவற்றை நிரப்புகின்றன. அவர் பக்கக் கணக்கில் உழைத்தார். பரீட்சை உயிர்க்கணக்கிற் கேட்டது.

அசல் வினாக்களை வெளியிடுதல் தடை. ஆகவே, யானே ஒரு வினாவை ஆக்கி அவருக்குக் கொடுத்தேன். அறுபது வயதினர் ஒருவர் நாற்காலியிற் சாய்ந்திருக்கிறார். அழைத்தால் முனகுகிறார். இதழ்கள் நீலம். நிமிடத்துக்கு 36 முறை மூச்சு வாங்குகிறார். மார்பு அசைவதோ அரிது. நீரிழிவு உண்டு என்கிறார் மனைவி. நீர் முதலிற் செய்வது யாது? குருதியிற் குளுக்கோசை அளத்தல், மனைவியிடம் நோய் வரலாறு கேட்டல், முகமூடி அணிவித்து ஒட்சிசன் கொடுத்தல், கைப்பை பொருத்திய முகமூடியால் ஒட்சிசனோடு காற்றை உள்ளே அமுக்கிச் சுவாசத்துக்கு உதவுதல் என நான்கு விடைகள். நான்கும் நல்ல செயல்களே. வேறொரு வேளையில் ஒவ்வொன்றும் சரியான விடையாகும். நம்மவர் தயங்காமல் ஒட்சிசன் முகமூடியைத் தெரிந்தார்.

அது ஏன் தவறு என்பதைக் கணக்காற் காட்டலாம். உடல்நலமுள்ளவர் ஒரு மூச்சில் ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் காற்றை, நிமிடத்துக்கு 12 முறை உள்ளிழுப்பதாகக் கொள்வோம். மொத்தம் 6 இலீற்றர். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் 150 மில்லிலீற்றர் அளவு மூக்கிலும் தொண்டையிலும் சுவாசக் குழாய்களிலும் தங்கிவிடும். குருதியோடு வாயுப்பரிமாற்றம் நிகழும் சிற்றறைகளைச் சேர்வதில்லை. சேர்வது 350, நிமிடத்துக்கு 4.2 இலீற்றர். நம் நோயாளி ஒரு மூச்சில் 200 மில்லிலீற்றரே இழுப்பதாகக் கொண்டால், 36 முறைக்கு மொத்தம் 7.2 இலீற்றர். உடல்நலமுள்ளவரிலும் மிகுதி போலத் தோன்றுகிறது! வழியில் தங்குவதைக் கழித்துப் பார்த்தால் சிற்றறைகளைச் சேர்வது மூச்சுக்கு 50, நிமிடத்துக்கு 1.8 இலீற்றரே. வேகமாக மூச்சு வாங்குபவர் போதிய மூச்சு வாங்குகிறார் என்பது மயக்கம். காற்று சிற்றறையை அடையாதபோது முகத்தின் முன்னே ஒட்சிசனை மட்டும் வைத்துப் பயன் சிறிதே. அதனை உள்ளே செலுத்துதல் வேண்டும். இதைக் கேட்டபின் அவர் சிறிது நேரம் பேசவில்லை. 150 என்ற எண்ணை அவர் முன்னரே மனனஞ் செய்திருந்தார் என்பதுதான் வேடிக்கை.

மருந்துகளும் இவ்வாறே. நெஞ்சுவலியில் நோயாளியிடமுள்ள நைதரோகிளிசரினைக் கொடுக்குமுன் குருதி அமுக்கத்தைப் பார்க்கவேண்டும், சில்டெனாபில் போன்ற மாத்திரையை அண்மையில் உட்கொண்டாரா எனக் கேட்கவேண்டும் எனப் பாடநூல் பட்டியலிடும். பட்டியலாகப் படிப்பவருக்கு அவை இரண்டு விதிகள். இருமருந்தும் குருதிக்குழாய்களை விரிப்பன, விரிந்தால் அமுக்கம் விழும் என அறிந்தவருக்கு அவை ஒரே காரணம், மறக்கவும் இயலாது. வீதியில் அறுந்த மின்கம்பி கிடக்கும் வண்டியினுள் ஒருவர் அலறுகிறார் என்னும் வினாவில், இரக்கமுள்ள மாணாக்கரே பெரிதும் தவறுவர். அங்கே முதற்செயல், மின்சாரம் நிறுத்தப்படும்வரை நெருங்காமல் நிற்றலே.

எவ்வாறு படிக்கச் சொன்னேன் எனின், முதலாவது, மீண்டும் மீண்டும் வாசிப்பதை நிறுத்துக என்றேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. 2006 இல் அமெரிக்க உளவியலாளர் றோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இருவர் மாணாக்கரை ஓர் உரைப்பகுதியைப் படிக்கச் செய்து, ஒரு சாராரை மீண்டும் வாசிக்கவும் மற்றச் சாராரை நூலை மூடி நினைவிலிருந்து எழுதவும் விட்டனர். ஐந்து நிமிடத்துக்குப் பின் சோதித்தபோது மீள வாசித்தோரே முன்னின்றனர். ஒரு வாரத்துக்குப் பின்னரோ, அவர்கள் நினைவுகூர்ந்தது நூற்றுக்கு 42. மூடி எழுதியோர் 56. வாசிப்பவருக்குத் 'தெரியும்' என்னும் உணர்ச்சி மிகுதி, தெரிந்திருப்பதோ குறைவு. நம் வகுப்புகளில் பரீட்சைக்கு முந்திய இரவு நிகழ்வதும் இதுவே.

இரண்டாவது, ஒவ்வொரு மாதிரி வினாவிலும் சரியான விடையோடு நின்றுவிடாமல், எஞ்சிய மூன்றும் எந்த நிலைமையிற் சரியாகும் என ஒரு கொப்பியில் எழுதுக என்றேன். மேற்காட்டிய நோயாளி நன்றாக மூச்சுவிட்டு, தெளிவின்றிப் பிதற்றினால், குளுக்கோசை அளத்தல் முன்வரும். விழிப்போடு பேசி, மூச்சு ஆழமாக இருந்தும் ஒட்சிசன் அளவு குறைந்திருந்தால் முகமூடி போதும். இவ்வாறு ஒரு வினா நான்காகும். வெளிவாரி மாணவனாக யான் தொகுத்த அத்தனை வினாத்தாளிலும் இதை ஒருமுறையேனும் செய்ததில்லை என்பதை அவருக்குச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒன்று அவரே கண்டுபிடித்தார். சமையலறைக் கதிரையில் ஒரு தலையணையைச் சாய்த்துவைத்து, வாசலில் நின்று, 'இடம் பாதுகாப்பானதா, பெருங்குருதிப்போக்கு உண்டா, விழிப்பு உண்டா, மூச்சுவழி திறந்துள்ளதா, மூச்சு போதுமா, நாடி எவ்வாறு' என உரத்துச் சொல்லிக்கொண்டே நெருங்குவாராம். மனைவி இடையிடையே நிலைமையை மாற்றுவாராம். ஆறு கிழமைக்குப்பின் இரண்டாம் முறை தோற்றினார். கணினி எழுபத்து சில வினாக்களிலேயே நின்றுவிட, இம்முறையும் போயிற்று எனக் கருதி வீடு திரும்பினார். பெறுபேறு மறுநாள் வந்தது: சித்தி.

அச்சான்று ஈராண்டுக்கே செல்லும். அதன்பின் 40 மணி நேரத் தொடர்கல்வியாலோ மறுபரீட்சையாலோ புதுப்பித்தல் வேண்டும். அவருடைய கொப்பி இப்போது அவரோடு பயின்று முதன்முறை தவறிய வேறொருவரிடம் இருக்கின்றது. யானோ, இவ்வாண்டு எம் உயர்தர வகுப்பிலே பழைய வினாத்தாள்களை விநியோகிக்கும்போது, மாதிரி விடைகளை நிறுத்திவைத்துக்கொண்டு, தவறான விடைகளுக்கு நிலைமை எழுதி வரும்படி சொல்லியுள்ளேன். மாணாக்கர் இன்னும் முணுமுணுக்கின்றனர்.