ஜேடர்பாளையத்தில் சீசன் அல்லாத காலப் பயணம்

ஜேடர்பாளையம், நாமக்கல் மாவட்டம் பரமத்திவேலூர் வட்டத்தில் காவிரியின் கரையில் அமைந்துள்ள ஊர். இங்குள்ள படுகை அணையும் அதையொட்டிய பூங்காவும் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் மாவட்ட மக்கள் ஒரு நாள் பயணமாக வந்து செல்லும் இடங்களாகும். ஆடிப்பெருக்கு, பொங்கல் விடுமுறை, கோடை விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமைகள் ஆகியவற்றில் கூட்டம் மிகுதி. மற்ற நாட்களில் இங்கு வருவதே சீசன் அல்லாத காலப் பயணம் எனப்படுகிறது. மலை வாழிடங்களின் சீசனைத் தட்பவெப்பம் முடிவுசெய்கிறது. ஜேடர்பாளையத்தின் சீசனை ஆற்றில் வரும் நீரின் அளவும் பண்டிகை நாட்களும் முடிவுசெய்கின்றன. ஆகவே இங்கு கூட்டம் குறைந்த நாளைத் தெரிந்தெடுப்பது எளிது. ஆறு எந்த நிலையில் உள்ளது என்பதைத் தெரிந்துகொண்டு செல்வதே முக்கியமானது.

ஊரும் படுகை அணையும்

காவிரி இப்பகுதியில் நாமக்கல், ஈரோடு மாவட்டங்களுக்கு எல்லையாக ஓடுகிறது. நாமக்கல் மாவட்டம் 1997ஆம் ஆண்டு சனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஜேடர்பாளையம் கபிலர்மலை ஊராட்சி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது.

இவ்வூரின் படுகை அணையிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. 17ஆம் நூற்றாண்டில் பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் இவ்வாய்க்காலை வெட்டினார் என்பது இப்பகுதியில் நிலைபெற்ற செய்தி. அவருக்கு ஜேடர்பாளையத்தில் சிலை உள்ளது. ராஜவாய்க்காலும் அதைச் சார்ந்த குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும் பரமத்திவேலூர், மோகனூர் வட்டாரங்களில் பல ஆயிரம் ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தருகின்றன. வாழை, வெற்றிலை, கரும்பு ஆகியவை இந்நீரை நம்பியே பயிராகின்றன.

படுகை அணை என்பது ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டப்படும் தடுப்பு. பெரிய அணைகளைப் போல இது நீரைத் தேக்கி வைப்பதில்லை. ஆற்றின் நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்தி, வாய்க்காலின் தலைமதகுக்குள் நீர் செல்ல வழிசெய்கிறது. மிகுந்த நீர் தடுப்பின் மேல் வழிந்து செல்கிறது. பயணிகளை ஈர்க்கும் நீர்வீழ்ச்சி போன்ற காட்சி இதனால் உண்டாவதே. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒன்று பின்னாளில் சுற்றுலா இடமாக மாறியுள்ளது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இங்கு நீர்வரத்து பயணிகளின் தேவைக்காகக் கூட்டப்படுவதோ குறைக்கப்படுவதோ இல்லை.

சீசனை முடிவுசெய்யும் காரணிகள்

ஜேடர்பாளையத்துக்கு வரும் நீரின் பெரும்பகுதி மேட்டூர் அணையிலிருந்து வருகிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டா பாசனத்துக்காக அணையை சூன் 12இல் திறந்து சனவரி 28இல் மூடுவது மரபு. நீர் இருப்பைப் பொறுத்து இந்நாள் மாறும். 2018இல் சூலை 19 அன்றும், 2019இல் ஆகஸ்ட் 13 அன்றும், 2022இல் வழக்கத்துக்கு முன்பாக மே 24 அன்றும், 2024இல் சூலை 28 அன்றும் அணை திறக்கப்பட்டது. பாசனத்துக்கான திறப்பு நின்ற பிறகும் குடிநீர்த் தேவைக்காகக் குறைந்த அளவு நீர் விடப்படுவதால், ஆறு முழுதும் வறண்டுபோவது அரிது. பவானி கூடுதுறையில் கலக்கும் பவானி ஆற்றின் நீரும் இங்கு வந்து சேர்கிறது.

மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை முதலிய இடங்களில் மின் உற்பத்திக்கான கதவணைகள் உள்ளன. ஜேடர்பாளையத்துக்கு மேற்புறத்தில், நாமக்கல் கரையின் சோழசிராமணிக்கும் ஈரோடு கரையின் பாசூருக்கும் இடையே ஒரு கதவணை இருக்கிறது. மேட்டூரில் திறக்கப்படும் நீர் இவை அனைத்தையும் கடந்தே கீழே வருகிறது. எனவே மேட்டூரில் திறப்பு மாறாத நாளிலும், இடையிலுள்ள கதவணைகளின் இயக்கத்தைப் பொறுத்து ஆற்றின் மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடும்.

இரண்டாவது காரணி பண்டிகை. ஆடி 18ஆம் நாளில், அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதியில், காவிரியில் புதுப்புனல் வருவதை வரவேற்று மக்கள் ஆற்றங்கரையில் கூடுகின்றனர். பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வதும், முளைப்பாரியை ஆற்றில் விடுவதும், சித்திரான்னம் கட்டிவந்து கரையில் உண்பதும் வழக்கம். ஆனால் பெருவெள்ளம் வரும் ஆண்டுகளில் இந்நாளே ஆற்றில் இறங்க முடியாத நாளாகிவிடுகிறது. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் மேட்டூரிலிருந்து ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் நீர் வெளியேற்றப்பட்டபோது, காவிரிக் கரையின் பல இடங்களில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டது. ஒரு கன அடி என்பது நொடிக்கு ஏறத்தாழ 28.3 லிட்டர்.

கூட்டமில்லாத இரு காலங்கள்

சீசன் அல்லாத காலம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இங்கு ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரு காலங்களைக் குறிக்கிறது.

முதலாவது, நீர் இருந்தும் கூட்டம் இல்லாத காலம். ஆடி முடிந்த பிறகு பொங்கல் வரையிலான மாதங்களின் வார நாட்கள் இதில் அடங்கும். வாய்க்கால்களில் நீர் ஓடும். வயல்கள் பசுமையாக இருக்கும். அணையின் மேல் நீர் வழியும் காட்சியையும் காணலாம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்வதால் சில நாட்கள் மழையில் கழியும். மார்கழியில் காலைப் பனியும் மிதமான வெயிலும் நடப்பதற்கு ஏற்றவை. ஆற்றையும் பாசன அமைப்பையும் பார்த்து அறிய விரும்பும் மாணவர்களுக்கு மிகவும் பொருத்தமான காலம் இதுவே.

இரண்டாவது, நீர் குறைந்த காலம். பிப்ரவரி முதல் மே வரை ஆற்றின் பல பகுதிகளில் பாறையும் மணலும் வெளித்தெரியும். அணையின் அமைப்பு, வாய்க்கால் பிரியும் இடம், நீர் அரித்த பாறைகள் ஆகியவற்றைத் தெளிவாகப் பார்க்க முடிவது இப்போதுதான். கோடையில் சமவெளியின் வெயில் 40 பாகை செல்சியசை நெருங்கும் என்பதால் காலையிலோ மாலையிலோ செல்வது நல்லது. இக்காலமும் முற்றிலும் வெறிச்சோடியதன்று. பங்குனி, சித்திரை மாதங்களில் ஊர்க் கோயில் விழாக்களுக்காகத் தீர்த்தக்குடம் எடுக்க மக்கள் காவிரிக்கு வருகின்றனர். அக்கரையில், ஆற்றின் போக்கில் சற்றுக் கீழே உள்ள கொடுமுடியில் பங்குனி உத்திரத்தையொட்டி பழனிக்குத் தீர்த்தம் கொண்டுசெல்லும் காவடிக் கூட்டத்தைக் காணலாம். பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அணைப்பகுதியில் மீண்டும் கூட்டம் சேரும்.

கரையோரத் தொழில்கள்

அணைப்பகுதியில் ஆற்று மீனை மசாலா தடவி வறுத்து விற்கும் கடைகள் பெயர் பெற்றவை. இவற்றின் வருமானம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையும் பண்டிகை நாட்களையும் சார்ந்தது. குளிக்கத் தடை விதிக்கப்படும் ஒவ்வொரு நாளும் இக்கடைகளுக்கு விற்பனையில்லா நாளாகிறது. வார நாட்களில் கடைகள் சிலவே திறந்திருக்கும் என்பதால், உணவை நம்பி வருவோர் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அந்நாட்களில் வருவோர் ஒரு கடையில் வாங்கி உண்பதும் அத்தொழிலுக்கு ஓர் ஆதரவாகும்.

ஆற்றுக்குச் சீசன் முடிந்தாலும் வயலுக்கு முடிவதில்லை. ஜேடர்பாளையம், கபிலர்மலை வட்டாரங்களில் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகைகள் பல உள்ளன. கரும்புச் சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, சக்கையையே எரித்துக் காய்ச்சி, பாகு பதத்துக்கு வந்ததும் உருண்டை வெல்லமாகவோ அச்சு வெல்லமாகவோ ஆக்குகின்றனர். அருகிலுள்ள பிலிக்கல்பாளையத்தில் வெல்ல ஏலச் சந்தை நடைபெறுகிறது. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் வெல்லத்துக்குத் தேவை கூடுவதால், ஆற்றங்கரையில் கூட்டம் குறைந்திருக்கும் மார்கழியில் ஆலைகள் சுறுசுறுப்பாக இயங்கும். கொதிக்கும் பாகு உள்ள இடம் என்பதால், அனுமதி கேட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதே முறை.

ஆபத்துகள்

அமைதியாகத் தோன்றும் நாட்களில் ஆறு பாதுகாப்பாக இருக்கும் என்று கருதுவது தவறு. இங்கு கவனிக்க வேண்டியவை:

நீர்ச்சுழல்: தடுப்பின் மேல் வழியும் நீர் கீழே விழுந்ததும், மேற்பரப்பில் ஒரு பகுதி தடுப்பை நோக்கியே திரும்பிச் சுழலும். இதில் சிக்கியவரை நீர் மீண்டும் மீண்டும் விழுகரைக்கே இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இதிலிருந்து மீள்வது கடினம்.

பாசி: நீர் மெல்லிதாக வழியும்போது தடுப்புச் சுவரிலும் பாறையிலும் பாசி படியும். மேலே நடந்து செல்ல முயல்வோர் வழுக்கி விழுவது இதனால்தான்.

பள்ளங்கள்: மணல் எடுக்கப்பட்டதாலும் வெள்ளத்தின் அரிப்பாலும் ஆற்றுப் படுகையில் பள்ளங்கள் உண்டு. முழங்கால் அளவு நீரில் நடப்பவர் அடுத்த அடியில் ஆளுயர ஆழத்தில் இறங்க நேரலாம்.

திடீர் நீர்வரத்து: மேலேயுள்ள கதவணை திறக்கப்பட்டால், உள்ளூரில் மழை இல்லாமலே மட்டம் உயரும். ஆற்றின் நடுப்பாறையில் அமர்ந்திருப்போருக்குத் திரும்பும் வழி அடைபடும். நீரின் நிறம் கலங்குவதும், செத்தைகள் மிதந்து வருவதும், ஓசை மாறுவதும் முன்னறிகுறிகள். அவற்றைக் கண்டவுடன் கரையேற வேண்டும்.

நீரின் தரம்: மேற்புறத்தில் உள்ள ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆகிய நகரங்கள் சாயத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. சாயக்கழிவும் நகரக் கழிவுநீரும் ஆற்றில் கலப்பது நெடுநாள் சிக்கலாக உள்ளது. நீர்வரத்து மிகுந்த நாட்களில் கழிவு நீர்த்துப்போகிறது. குறைந்த நாட்களில் அதன் செறிவு கூடுகிறது. எனவே கோடையில் தேங்கிய நீரில் குளிப்பதையும் அதைக் குடிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

கூட்ட நாட்களில் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் கரையில் நிறுத்தப்படுவதுண்டு. உதவிக்கு ஆட்களும் இருப்பர். வார நாளில் மூழ்குபவரைப் பார்க்கக்கூட ஆள் இல்லாமல் போகலாம். சீசன் அல்லாத காலத்தின் பெரிய ஆபத்து இதுவே. ஒருவர் நீரில் சிக்கினால், நீச்சல் பயிற்சி இல்லாதவர் குதித்துக் காப்பாற்ற முயலக்கூடாது. கயிறு, சேலை, நீண்ட கம்பு, காற்றடைத்த குழாய் ஆகியவற்றில் கிடைத்ததை எறிந்து, 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

பிற இடங்களுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டில் சீசன் என்றதும் நினைவுக்கு வரும் குற்றாலத்தில், சூன் முதல் ஆகஸ்ட் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றே அருவிகளுக்கு நீர் தருகிறது. உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் கோடைக் கூட்டம் தாங்க முடியாத அளவை எட்டியதால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. கூட்டத்தை ஆண்டு முழுவதும் பரவலாக்க வேண்டும் என்ற கருத்து இதன் பின் வலுப்பெற்றது.

இத்தாலியின் லிகூரியா கடற்கரையில் உள்ள சிங்குவே தெர்ரே என்னும் ஐந்து ஊர்கள் இதற்கு நன்கு அறியப்பட்ட அயல்நாட்டு எடுத்துக்காட்டு. மொன்தெரோசோ, வெர்னாசா, கொர்னிலியா, மனரோலா, ரியோமஜோரே ஆகிய இவ்வூர்கள் 1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாயின. கோடையில் குறுகிய தெருக்களில் நெரிசல் மிகும். குளிர்காலத்தில் படகுப் போக்குவரத்து நிற்கிறது. விடுதிகளும் உணவகங்களும் பல மூடப்படுகின்றன. ஊர்க்காரர்களின் அன்றாட வாழ்க்கை வெளித்தெரிகிறது. ஆனால் இலையுதிர்கால மழையே அங்கு பெரும் இடர். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் வெர்னாசாவும் மொன்தெரோசோவும் வெள்ளத்திலும் சேற்றிலும் மூழ்கின. சுற்றுலாவுக்கு ஓய்வு காலம் என்பது இயற்கைக்கு ஓய்வு காலம் ஆகாது என்பதற்கு இரு நாடுகளின் நீர்க்கரைகளும் சான்றாகின்றன.

பயணத்தைத் திட்டமிடல்

ஜேடர்பாளையத்துக்குப் பரமத்திவேலூர், நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளிலிருந்து சாலை வழியாகச் செல்லலாம். புறப்படும் முன் மேட்டூர் அணையின் நீர்வெளியேற்ற அளவை நாளிதழ்ச் செய்திகளில் பார்த்துக்கொள்வதும், வெள்ள எச்சரிக்கை உள்ளதா என்று அறிவதும் தேவை. வாய்க்கால் பராமரிப்புக்காக நீர் நிறுத்தப்படும் நாட்களில் வயல்வெளிக் காட்சி மாறியிருக்கும்.

ஒரு நாள் பயணத்தில் காலையில் படுகை அணையையும் ராஜவாய்க்காலின் தொடக்கத்தையும் பார்த்து, பகலில் கபிலர்மலை முருகன் கோயிலுக்கோ வெல்ல ஆலைக்கோ சென்று, மாலையில் பரமத்திவேலூர் அல்லது மோகனூர் காவிரிக்கரையை அடையலாம். ராஜவாய்க்காலின் நீர் செல்லும் திசையிலேயே இப்பயணம் அமைவதால், ஜேடர்பாளையத்தில் பிரியும் நீர் எந்த வாழைத் தோட்டத்தையும் வெற்றிலைக் கொடிக்காலையும் சென்று சேர்கிறது என்பதை ஒரே நாளில் காண முடிகிறது.