அப்பத்தாவுக்கு உறக்கம் வருமா?

அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்தில், சமணத் துறவிகளுக்காக வழவழவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. ஒன்றில் உள்ள தமிழி எழுத்துகளைக் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியவை என்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுத் தியான மண் என்று பெருமை பேச நல்ல இடம். ஆனால் அங்கே உண்ணாநோன்பிருந்து உயிர்விடத் துணிந்த துறவிகளின் நோக்கம் வேறு. மகன் சிங்கப்பூரிலும் மகள் திருப்பூரிலும் இருக்க, நள்ளிரவில் விழித்து மோட்டுவளையைப் பார்த்துக் கிடக்கும் எழுபது வயது அப்பத்தாவின் தேவை வேறு.

அப்பத்தா போன்றவர்களுக்காக இப்போது பரிந்துரைக்கப்படும் 'மைண்ட்ஃபுல்னஸ்' பயிற்சிக்கு மருத்துவ வடிவம் கொடுத்தவர் அமெரிக்கரான ஜான் கபாட்-ஜின். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அதைப் பாடமாக்கினார். வேர் பௌத்தத்தில் இருந்தாலும், சாமி, மந்திரம் எதுவும் இதில் இல்லை. மூச்சு போய் வருவதைக் கவனிக்க வேண்டும். நினைப்பு எங்கேயாவது ஓடினால், தன்னையே திட்டிக்கொள்ளாமல் மூச்சுக்குத் திருப்ப வேண்டும். போனதையே மென்றுகொண்டிருப்பதற்கு முதுமையின் மனச்சோர்வில் பங்குண்டு. அந்த ஓட்டத்தை நடுவிலேயே கண்டுகொள்ளும் பழக்கம் இது.

பலன் உண்டா? கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 55 முதல் 85 வயது வரையிலான 40 பேரில், எட்டு வாரம் பயின்றவர்களுக்குத் தனிமை உணர்வு குறைந்தது. உடலின் அழற்சியைத் தூண்டும் மரபணுக்களின் செயல்பாடும் தணிந்தது. 2015இல் வந்த இன்னோர் ஆய்வில், உறக்கக் குறைவுள்ள 49 முதியவர்களில், ஆறு வாரம் தியானம் பழகியவர்கள், உறக்கம் பற்றிய பொது அறிவுரை கேட்டவர்களைவிட நன்றாக உறங்கினார்கள். இரண்டுமே சிறிய ஆய்வுகள் என்பதை மறக்க வேண்டாம்.

பெரிய ஆய்வு 2022இல் வந்தது. 65 முதல் 84 வயது வரையிலான 585 பேரை ஆறு மாதம் கவனித்ததில், தியானமோ உடற்பயிற்சியோ, இரண்டும் சேர்ந்தோகூட, நினைவாற்றலைக் கூட்டவில்லை. ஆகவே 'மறதி போகும்' என்று விளம்பரம் செய்து காசு கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சம்மணம் போட்டால்தான் தியானம் என்பதும் வீண் பிடிவாதம். முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலியோ திண்ணையோ போதும், படுத்துக்கொண்டும் செய்யலாம். முதலில் ஐந்து நிமிடம், பழகியபின் கூட்டலாம். நாலு பேர் கூடிச் செய்தால் இன்னும் நல்லது. அந்த 2012 ஆய்வில் தனிமை குறைந்ததில் பாதி அந்தக் கூட்டத்தின் வேலையோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

கண்ணை மூடினால் பழைய துக்கம் பொங்குகிறது என்றால் நிறுத்திவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, 'போய்ச் சேர்ந்தால் தேவலை' என்ற பேச்சு வருகிறது என்றால் அதை வயசுக் கோளாறு என்று தள்ளாதீர்கள். அது சிகிச்சை தேவைப்படும் நோய். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மருந்தைத் தியானத்துக்காக நிறுத்தவும் வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.