கண்டித் தோட்டத்தில் சீனித்துளசி

தென்னமெரிக்கக் கண்டத்து விதைகளைக் கடல் கடந்து கொண்டுவந்து முளைக்கவைப்பது எத்தகைய பகீரதப் பிரயத்தனம் என்பதைப் பேராதனைப் பூங்காவின் சரித்திரம் அறிந்தவர்கள் நன்கு உணர்வார்கள். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் தேசத்திலிருந்து இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்ற ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளில், கியூ தாவரவியல் பூங்காவில் முளைத்தவை சுமார் 2,700 மாத்திரமே. அவற்றுள் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, அந்நாளில் பேராதனையின் அதிபராக இருந்த துவைட்ஸ் அவர்களின் பொறுப்பில், தாழ்நிலமாகிய ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேரூன்றின. இறப்பர் விதை வழிப்பயணத்திலே உயிரை இழந்துவிடும் சுபாவமுடையது. அதே கண்டத்தில் பிறந்து, இன்று மலையகத்து வீட்டுத் தோட்டங்களில் இடம் கேட்கும் சீனித்துளசி எனப்படும் ஸ்டீவியாவின் விதையோ, பெரும்பாலும் தாய்ச்செடியை விட்டுப் பிரியும்போதே உயிரற்றதாயிருக்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமையினாலேயே, விதைத்தவர்கள் மண்ணையும் மழையையும் நொந்துகொள்கிறார்கள்.

இச்செடியின் பூர்வீகம் பராகுவே நாட்டின் வடகிழக்கிலுள்ள அமம்பாய் மேட்டுநிலம். அங்குள்ள குவரானி மக்கள் தங்கள் கசப்புப் பானத்தை இனிமையாக்கத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திவந்த இவ்விலையைப் பற்றிக் கேள்வியுற்ற மொய்சேஸ் பெர்த்தோனி என்ற தாவர சாஸ்திரி, 1899ஆம் ஆண்டில் உலர்ந்த துண்டுகளை மாத்திரம் வைத்துக்கொண்டு அதற்கு இலட்சணம் எழுதினார். உயிருள்ள செடி அவர் கைக்கு வந்து சேர்ந்தது 1904இல். ‘ஸ்டீவியா ரெபோடியானா’ என்னும் இன்றைய சாஸ்திரப் பெயரை அடுத்த ஆண்டில் நிலைநிறுத்தினார். பிரான்சு தேசத்து இரசாயன நிபுணர்களாகிய பிரிடெல், லவியேல் இருவரும் 1931இல் அதன் இனிப்புச் சத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்து, சீனியைக் காட்டிலும் சுமார் 300 மடங்கு தித்திப்பு அதற்கு உண்டு என்று வெளியிட்டார்கள்.

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் வெண்ணிறப் பூக்கள் முதிர்ந்ததும், மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ள, தலையில் மெல்லிய மயிர்க்குஞ்சம் சூடிய விதைகள் காற்றில் மிதந்து செல்கின்றன. ஆயிரம் விதைகளைச் சேர்த்து நிறுத்தாலும் ஒரு கிராம் தேறுவது அரிது. அவற்றுள் கருநிறமாகத் திரண்டிருப்பவற்றிலேதான் கரு உண்டு. வெளிறிய தவிட்டு நிறமுடையவை பெரும்பாலும் வெறும் கோதுகள். ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் சூலகத்தைக் கருவுறச் செய்யாதபடி இயற்கை இதற்கு ஒரு தடையை விதித்திருக்கிறது. வேறொரு செடியின் மகரந்தத்தைத் தேனீயோ வேறு பூச்சியோ கொண்டுவந்து சேர்த்தாலன்றி விதை நிறைவதில்லை. ஒரே தாயின் கிளைகளை வெட்டி நட்டு நூறு செடிகள் வளர்த்தாலும், வம்ச லட்சணத்தால் அவை அத்தனையும் ஒரே செடியாதலால், பூக்கள் குலுங்கியும் நல்ல விதை கிட்டாது.

ஆகவே விதைப்பவர் செய்யவேண்டிய முதற்காரியம், விதைகளை வெள்ளைத் தாளில் பரப்பிக் கருநிறத்தவற்றைப் பொறுக்கி எடுப்பதாகும். தென்னந்தும்புத் தூளும் மணலும் மக்கிய கூட்டெருவும் கலந்த தட்டில் அவற்றைத் தூவி, மண்ணால் மூடாமல் விரலால் இலேசாக அழுத்தி விடுவது உத்தமம்; ஏனெனில் முளைப்பதற்கு வெளிச்சத்தை நாடும் விதைகளுள் இதுவும் ஒன்று. இருபது முதல் இருபத்தைந்து பாகை வரையிலான வெப்பமே இதற்கு இதமானதாதலால், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியின் சீதோஷ்ணம் இதற்குப் பொருத்தமானதே. பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில், வீட்டிறப்பின் கீழ்த் தட்டை வைத்து நீரைப் பனிபோலத் தெளித்துவந்தால், ஒன்று இரண்டு வாரங்களில் முளை தோன்றும். நாற்று மிக மெதுவாகவே வளரும். ஈரம் மிகுந்தால் அதன் தண்டு அடியில் அழுகிச் சாய்ந்துவிடும். இடம் மாற்றி நடும் பக்குவம் வர இரண்டு மாதமளவு செல்லலாம்.

இதன்பின் வேறொரு சிக்கல் எழுகின்றது. பகற்பொழுது ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரத்திற்குக் குறைந்தால் இச்செடி இலை வளர்ப்பதை நிறுத்திப் பூக்கத் தொடங்கும். மகரரேகையை ஒட்டிய அதன் தாயகத்தில் கோடைப் பகல் பதின்மூன்றரை மணி வரை நீள்வதால் இலை செழிக்கிறது. பூமத்திய ரேகைக்கு ஏழேகால் பாகை வடக்கேயுள்ள கண்டியிலோ, ஆண்டின் மிக நீண்ட பகலும் ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரமே. ஆதலால் இங்கே அது முழங்கால் உயரம் எட்டுமுன்பே பூக்க அவசரப்படும். நுனிகளை அடிக்கடி கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். மாலையில் இரண்டொரு மணி நேரம் மின்விளக்கு ஏற்றிவைத்தும் பூப்பதைத் தாமதிக்கச் செய்யலாம். அரும்பு தோன்றும் தறுவாயிலேயே இலையின் மாதுரியம் உச்சத்தில் இருப்பதனால், அறுவடைக்கு அதுவே காலம்.

பலாவும் கமுகும் கித்துளும் கராம்பும் சாதிக்காயும் நெருங்கி நிழல் கட்டும் கண்டியின் பாரம்பரியத் தோட்டத்தில், வெயில் தங்குதடையின்றி விழும் முற்றத்து ஓரமே இச்செடிக்கு உரிய ஸ்தானம். இப்பிரதேசத்துச் செம்மண்ணின் இலேசான அமிலத்தன்மை இதற்குப் பகையன்று. வேரடியில் நீர் தேங்குவதே பகை.

இதன் பிரயோஜனத்தைப் பற்றி மிகையான நம்பிக்கை வேண்டியதில்லை. தேநீரை இனிமையாக்க இரண்டு உலர்ந்த இலைகள் போதும். ஆனால் கித்துள் கருப்பட்டியின் வாசனையையோ, பலகாரத்தில் சீனி தரும் திரட்சியையோ, பொன்னிறத்தையோ இதனால் தர இயலாது. இலையின் இனிப்புப் பொருட்கள் குடலிலுள்ள நுண்ணுயிர்களால் ஸ்டீவியோல் என்னும் பொருளாக உடைக்கப்பட்டு, கல்லீரலில் மாற்றமடைந்து, சிறுநீரோடு வெளியேறிவிடுவதால் இரத்தத்திலுள்ள சர்க்கரையை அவை உயர்த்துவதில்லை. ஆயினும் சர்வதேச நிபுணர் குழு 2008இல் வகுத்த அளவு, சுத்திகரிக்கப்பட்ட சத்துக்கே உரியது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியோல். நீரிழிவு உள்ளவர்கள் இவ்விலையை ஔஷதமாகக் கருதி, வைத்தியர் தந்த மருந்தை விட்டுவிடுதல் தகாது.

விதையில் பிறந்த செடிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. ஒன்றின் இலை தெளிந்த இனிப்பாகவும், அடுத்ததன் இலை நாவில் கசப்பு நிற்பதாகவும் அமையும். ஒவ்வொன்றையும் மென்று பார்த்து, சிறந்ததைத் தேர்ந்து, அதன் நுனிக்கிளைகளை வெட்டி நிழலில் வேர்விடச் செய்து பெருக்குவதே விவேகம். தேர்வுக்கு விதையும் பெருக்கத்துக்குக் கிளையுமாக இரண்டு வழிகளையும் கையாளுகிறவர், தாம் விரும்பிய செடியோடு, வேறு விதையில் பிறந்த மற்றொன்றையும் அருகிலே பூக்கவிட்டு வைத்திருந்தால், அடுத்த விதைப்புக்குரிய கரிய மணிகளைத் தேனீக்களின் உபகாரத்தால் தம் முற்றத்திலேயே பெற்றுக்கொள்ளலாம்.