கிளிப் கழட்டிய பிறகு கடி என்ன ஆகிறது?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து அரியானூர் பல் மருத்துவக் கல்லூரிக்கோ டவுன் கிளினிக்குக்கோ மாதாமாதம் நடையாய் நடந்து கிளிப் போட்டுக்கொண்ட பிள்ளைகள், அது கழன்ற அன்றே எல்லாம் முடிந்ததென்று நினைத்துவிடுகிறார்கள். முன்பல் வரிசை சரியாகிவிட்டது, உண்மைதான். ஆனால் கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் நன்றாகப் பொருந்தி உட்காருவது பெரும்பாலும் அதற்குப் பிறகே. அந்தப் பொருத்தம் எப்படி அமையும் என்பதில், கிளிப் கழன்றபின் பற்கள் இடம் மாறாமல் பிடித்துவைக்க மாட்டும் ரிடெய்னருக்குப் பெரிய பங்கு உண்டு.

பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் புது இடத்துக்குப் பழக மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். ஈறுக்குள் பல்லின் கழுத்தைச் சுற்றியிருக்கும் மீள்நார்கள் அப்படியல்ல. ஒரு வருடம் தாண்டியும், இழுத்துக் கட்டிய ரப்பர்போல, பல்லைப் பழைய கோணலுக்கே திருப்பப் பார்க்கும். திருகியிருந்த பல்லில் இது இன்னும் அதிகம். ரிடெய்னரை முதலில் சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுவதும், பிறகு இரவில் மட்டும் மாட்டச் சொல்வது இதற்காகத்தான்.

சார்லஸ் ஹாலே 1919-இல் விவரித்த ரிடெய்னரில் அண்ணத்தோடு ஒட்டிய அக்ரிலிக் தகடும், முன்பற்களை அணைத்துப் பிடிக்கும் கம்பியும் இருக்கும். கடிக்கும் பரப்பு மூடப்படாததால் கடைவாய்ப் பற்கள் மெல்ல நகர்ந்து எதிர்ப்பல்லைத் தொட்டுக்கொள்கின்றன. அதன் கம்பி கோரைப்பல்லுக்குப் பின்னால் கடியின் குறுக்கே போகிறது. இடம் பிசகினால் அங்கே தட்டும். நம் ஊர்களில் பரவலாகத் தரப்படும் பெக் ரிடெய்னரில் கம்பி கடைசிப் பல்லைச் சுற்றிப் போவதால் அந்தத் தடையும் இல்லை.

1993-இல் ஷெரிடன் குழுவினர் அறிமுகப்படுத்திய எசிக்ஸ், கண்ணாடிபோலத் தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. வெளியே தெரியாது என்பதால் பிள்ளைகள் இதையே கேட்கிறார்கள். முன்பல் வரிசையை நன்றாகக் காக்கும். ஆனால் பற்களுக்கு இடையே எப்போதும் ஒரு படலம் கிடப்பதால் கடைவாய்க் கடி அவ்வளவாக இறுகுவதில்லை. 1997-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், பின்பற்கள் தொட்டுக்கொள்ளும் இடங்கள் ஹாலே அணிந்தவர்களுக்கே கூடுதலாயின.

உறை கடைசிப் பல்லை மூடாமல் நின்றால் ஆபத்து அதிகம். தடுக்க ஏதுமில்லாத அந்தப் பல் வளர்ந்து எதிர்ப்பல்லில் முட்டும். முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் திறந்த கடியாகிவிடும். உறை கடைசிப் பல்வரை போகிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ரிடெய்னரை வெந்நீரில் கழுவினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். கல்யாணப் பந்தியில் காகிதத்தில் சுற்றி வைத்தால் இலையோடு குப்பைக்குப் போய்விடும், டப்பாவிலேயே வையுங்கள். சில நாள் விட்டு மாட்டும்போது இறுக்கமாக இருந்தால் பல் நகரத் தொடங்கிவிட்டது. உட்காரவே மறுத்தால் அழுத்தித் திணிக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.