மூச்சை எண்ணும் வைஃபை

கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் வைஃபை ரவுட்டருக்கு என்ன வேலை? வீட்டுக்குள் இணையத்தைப் பரப்புவது என்போம். அதே பெட்டியை வைத்து ஒருவர் அறைக்குள் நடப்பதைக் கண்டுபிடிக்கலாம். தூங்குபவரின் மூச்சைக்கூட எண்ணலாம். கேமராவும் வேண்டாம், கையில் பட்டையும் வேண்டாம்.

ரவுட்டர் அனுப்பும் ரேடியோ அலையின் திறன் ஏறத்தாழ 0.1 வாட். 9 வாட் எல்இடி பல்பில் தொண்ணூறில் ஒரு பங்கு! அடுத்த அறையிலுள்ள செல்போனுக்கு வந்து சேரும்போது அதிலும் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கலாம். அந்தத் துளியிலிருந்துதான் போன் ஒரு முழு சினிமாவைப் பிரித்தெடுக்கிறது.

அலை ஒரே வழியில் வருவதில்லை. நேராகக் கொஞ்சம், சுவரில் பட்டுக் கொஞ்சம், இரும்பு பீரோவில் மோதிக் கொஞ்சம். முகடும் முகடும் சேர்ந்தால் சிக்னல் வலுக்கும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் மங்கும். இரு முகடுகளுக்கு நடுவிலான தூரமே அலைநீளம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அது 12.5 செ.மீ., 5 கிகாஹெர்ட்ஸில் 6 செ.மீ. போனைக் கொஞ்சம் நகர்த்தினாலே சிக்னல் ஏறி இறங்குவது இதனால்தான்.

இப்போது நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள். உடலில் பெரும்பகுதி தண்ணீர். அது அலையில் கொஞ்சத்தை விழுங்கி, கொஞ்சத்தைத் திருப்பி அடிக்கிறது. குளத்தில் ஒருவர் இறங்கியதும் படித்துறை வரை சலனம் பரவுவதுபோல, அறை முழுக்க அலைகளின் கோலம் மாறிவிடுகிறது.

இந்த மாற்றத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். வைஃபை தகவலைப் பல நுண் அலைவரிசைகளாகப் பிரித்து அனுப்புகிறது. ஒவ்வொன்றும் வழியில் எவ்வளவு மங்கியது, எவ்வளவு பிந்தியது என்று கணக்கிட்டால்தான் செய்தியைச் சரியாகப் படிக்க முடியும். இந்தக் கணக்குக்குப் பெயர் தடநிலைத் தகவல். படித்து முடித்ததும் சிப் அதைத் தூக்கி எறிந்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் பொறுக்கி எடுத்தார்கள்.

மூச்சு விடும்போது மார்பு 5 மி.மீ. அசைகிறது என்று வையுங்கள். பட்டுத் திரும்பும் அலையின் பாதை 10 மி.மீ. மாறும். 6 செ.மீ. அலைக்கு அது ஆறில் ஒரு பங்கு, அளக்கத் தாராளம். சரி, மேலே மின்விசிறி சுற்றுகிறதே? அது முழு வேகத்தில் நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல் ஓடும். மூச்சோ 12 முதல் 20 முறைதான். தாளத்தை வைத்தே கணினி இரண்டையும் பிரித்துவிடும்.

2013இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபதேல் அதிப், டினா கதாபி இருவரும் சுவருக்கு அப்பால் நடமாடுவோரையே கண்டறிந்தார்கள். அசையாத சுவரிலிருந்து வரும் எதிரொலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி இரண்டு ஆன்டெனாக்களை இயக்கினார்கள். அசைவது மட்டும் மிஞ்சியது!

இன்று இது கடைக்கே வந்துவிட்டது. 2022இல் அறிமுகமான விஸ் நிறுவனத்தின் வசதியில், அறையிலுள்ள இரண்டு வைஃபை பல்புகள் தமக்கிடையே நடமாட்டத்தை உணர்ந்து தாமே எரிகின்றன. கேமரா வைக்கக் கூடாத குளியலறையில் முதியவர் விழுந்தால் அறிய உதவும் ஆய்வுகளும் நடக்கின்றன. வைஃபையால் இப்படி உணர்வதற்கென்றே 802.11பிஎஃப் என்ற பொதுத் தரநிலையும் 2025இல் வந்துவிட்டது.

ஒன்றை மறக்க வேண்டாம். பாஸ்வேர்டு பூட்டுவது செய்தியைத்தான். அலையின் வடிவத்தை அல்ல. அந்த அலை சுவர் தாண்டியும் போகிறது. இந்த வசதியுள்ள கருவியை வாங்கினால், அது திரட்டும் விவரம் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் சம்மதித்த பிறகே இயக்குங்கள்.