புழுவின் நரம்பில் ஒரு கதவு

சைபர்மெத்ரின் அடிச்சதும் புழு துடிதுடிச்சுச் சுருண்டு விழுவதைப் பார்த்திருப்பீங்க. அந்தத் துடிப்பு எங்கிருந்து வருது?

நரம்புச் செல்லின் சுவரில் சோடியம் நுழைய நுண்ணிய வாசல்கள் உண்டு. சேதி வந்தால் வாசல் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், சுமார் ஒரு மில்லி செகண்டில் கதவு தானே மூடிக்கொள்ளும். மூடினால்தான் நரம்பு அடங்கும். மருந்து அந்தக் கதவை மூடவிடாமல் முட்டுக் கொடுக்குது. நரம்பு ஓயாமல் அதிரும். கடைசியில் வாதம், சாவு.

குளோரான்ட்ரனிலிப்ரோல் பிடிப்பது தசையை. தசைக்குள்ளே கால்சியம் சேர்த்து வைத்த அறையின் கதவு திறந்தே கிடக்கும். கால்சியம் கொட்டித் தசை இறுகிப்போக, புழு தின்பதையே விட்டுவிடும்.

சோடியம் கதவு, சுமார் 2,000 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். வீட்டு ஈயில் 1014ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் ஃபினைல்அலனைன் வந்தால், அந்த ஒன்றே மருந்தின் பிடியைத் தளர்த்திவிடும். முட்டைக்கோசின் வைரமுதுகுப் பூச்சியிலும் இதே மாற்றம்தான். அடிக்க அடிக்க, மாறின பூச்சிதான் மிஞ்சிப் பெருகும். டோஸை ஏத்துறதால கடைக்காரருக்குத்தான் லாபம். முட்டைக்குள்ளேயே புகுந்து அழிக்கும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணிக்கு இந்தக் கதவு எப்படி மாறினாலும் ஒண்ணுதான்.

'இயற்கை மருந்துதானே' என்று சாமந்தி இனப் பூவில் எடுத்த பைரித்ரம் வாங்குவோரும் கவனிங்க. அதுவும் இதே கதவைத்தான் பிடிக்குது. சைபர்மெத்ரினே அதைப் பார்த்துச் செய்ததுதான். வெயிலில் சீக்கிரம் சிதையும், அவ்வளவே. தேனீ, மீன், ஒட்டுண்ணி எல்லாத்துக்கும் அந்தக் கதவு உண்டு. அடிச்சே ஆகணும்னா தேனீ அடங்கின சாயங்காலத்தில், குளத்தங்கரை, வாய்க்கால் ஓரத்தைத் தவிர்த்து அடிங்க. ஒட்டுண்ணி அட்டை கட்டியிருக்கிற வயலில் வேண்டவே வேண்டாம்.